சமைத்த கையும் குடற்காய்ச்சலும்

"சாமி, என் மகன் கடைப் பலகாரத்தைத் தொட்டதே இல்லை. வீட்டுச் சோற்றைத் தவிர வேறெதையும் உண்ணாதவன். அவனுக்கு எப்படி டைபாய்டு வந்தது?" நோயுற்றோரைச் சந்திக்க இல்லங்களுக்குச் செல்லும்போது இவ்வினாவை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்கின்ற தாயின் குரலில் வியப்பைவிட வருத்தமே மிகுதி. தம் சமையலறையின்மீது யாரோ பழி சுமத்திவிட்டாற்போல் அவர் உணர்கிறார். அவ்வினாவுக்கு விடையளிக்க முயல்வதே இத்திங்கள் நம் நோக்கம். விடை சற்று நீளமானது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

இன்று எல்லாரும் டைபாய்டு என்று வழங்கும் இந்நோயை நம் பாட்டிமார் விஷக் காய்ச்சல் என்றனர். குடற்காய்ச்சல் என்பதும் இதற்குரிய பெயரே. மூன்றனுள் கடைசிப் பெயர்தான் நோயின் இருப்பிடத்தைச் சரியாகச் சுட்டுகிறது. சிறுகுடலின் வழியே உட்புகுந்து, இரத்தத்தில் கலந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் தங்கிப் பெருகும் ஒரு நுண்கிருமியே இதற்குக் காரணம். 1880-ஆம் ஆண்டில் கார்ல் எபெர்த் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனை நுண்ணோக்கியில் கண்டார். 1884-இல் காஃப்கி என்பவர் அதனைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். சால்மோனெல்லா டைஃபி என்பது அதன் அறிவியற் பெயர். இக்கிருமிக் குடும்பத்தில் வேறு பல இனங்கள் கோழி, முட்டை, இறைச்சி ஆகியவற்றின் வழியாக வருவதுண்டு. டைபாய்டுக் கிருமிக்கோ மனிதனைத் தவிர வேறு வீடு கிடையாது. ஆடுமாடுகளிடம் அது வாழ்வதில்லை. ஆகவே எங்கே ஒருவருக்கு டைபாய்டு கண்டாலும், அக்கிருமி வேறொரு மனிதரின் குடலிலிருந்து, அவருடைய மலத்தின் வழியாகவோ, சிலவேளை சிறுநீரின் வழியாகவோ வெளிப்பட்டு, நீரிலோ உணவிலோ கலந்து, இவருடைய வாயை அடைந்திருக்கிறது என்பது உறுதி. கேட்பதற்கு அருவருப்பாக இருக்கிறது அன்றோ? ஞாயிறு மறையுரையில் இதைச் சொல்ல நமக்கே நா எழுவதில்லை. ஆனால் இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மற்ற எதைச் சொல்லியும் பயனில்லை.

அந்தத் தாயின் வினாவுக்கு விடையின் முதற்பகுதி நாள்கணக்கில் அடங்கியிருக்கிறது. கெட்டுப்போன உணவை உண்டவருக்குச் சில மணி நேரத்திலேயே வாந்தி கண்டுவிடும். வேறு சில கிருமிகள் ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அப்பொழுது 'நேற்றுத் திருமண வீட்டில் உண்டதுதான்' என்று எவரும் சொல்லிவிடலாம். டைபாய்டோ அவ்வாறன்று. கிருமி உட்புகுந்து நோய் வெளிப்பட 6 நாள் முதல் 30 நாள் வரை ஆகலாம். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம். இரு வாரத்திற்கு முன் பள்ளி வாசலில் பிள்ளை என்ன குடித்தான், எந்த உறவினர் வீட்டில் என்ன உண்டான் என்பதை யார் நினைவில் வைத்திருப்பார்? தாய்க்குத் தெரியாத ஐஸ் ஒன்று பிள்ளையின் கணக்கில் இருக்கக்கூடும். விடையின் இரண்டாம் பகுதி இதனினும் வருத்தந்தருவது. அதற்குப் பின்னர் வருவோம். முதலில் நோயை இனங்காணும் வகையைக் கூறுவோம்.

மலேரியாவைப் போல் குளிர்நடுக்கத்துடன் திடீரெனத் தாக்குவது இதன் வழக்கமன்று. படிக்கட்டில் ஏறுவது போல் நாளுக்கு நாள் ஏறுவதே டைபாய்டுக் காய்ச்சலின் பழைய அடையாளம். காலையில் சற்றே தணியும். மாலையில் முந்தைய நாள் மாலையைவிடச் சற்றுக் கூடும். முதல் வார முடிவில் 103, 104 டிகிரி வரை சென்றுவிடும். நோயாளி முதல் இரண்டு மூன்று நாள் நடமாடிக்கொண்டே இருப்பார். பள்ளிக்கோ வேலைக்கோ செல்லவும் செல்வார். மாலையானால் நெற்றி வலிக்கிறது என்பார். உடல் அலுப்பு, பசியின்மை, சிலருக்கு வறட்டு இருமல், மந்தமான வயிற்றுவலி ஆகியன சேரும். பெரியவர்களுக்கு மலச்சிக்கலும் சிறுவர்களுக்கு வயிற்றுப்போக்கும் காணுவது மிகுதி. வயிற்றுப்போக்கு இல்லையே, இது எப்படிக் குடலைச் சார்ந்த நோயாகும் என்று எண்ணி ஏமாந்தோர் பலர். நாவின் நடுவே வெள்ளை படிந்து, ஓரங்கள் சிவந்திருக்கும். காய்ச்சலின் அளவுக்குத் தக்கவாறு நாடித்துடிப்பு விரைவதில்லை என்பதும் மருத்துவர் கவனிக்கும் ஓர் அடையாளம். மார்பிலும் வயிற்றிலும் வெளிர்சிவப்புப் புள்ளிகள் தோன்றும் என்று மேனாட்டு நூல்கள் வலியுறுத்தும். நம்மவர் மேனி நிறத்தில் அவற்றைக் காண்பது அரிது. அவை இல்லாததால் நோயும் இல்லை என்று முடிவு கட்டுதல் தவறு.

இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் இறங்காமல் நிலைத்து நிற்கும். வயிறு உப்பும். நோயாளி யாரிடமும் பேச விரும்பாது சோர்ந்து கிடப்பார். சிலர் தமக்குள்ளேயே முணுமுணுப்பர். மருத்துவம் செய்யாது விட்ட நோயில் மூன்றாம் வாரமே மிகக் கொடியது. குடற்சுவரில் கிருமி உண்டாக்கிய புண்களிலிருந்து இரத்தம் கசியலாம். அவ்விடத்தில் குடல் துளைபடலாம். மலம் கறுத்துத் தார்போல் வெளியாதல், அல்லது இரத்தமாகவே போதல், திடீரெனப் பொறுக்கமுடியாத வயிற்றுவலி கண்டு வயிறு பலகைபோல் விறைத்தல், உடல் குளிர்ந்து வியர்த்தல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் ஒரு நாழிகையும் தாமதிக்காமல் அறுவை மருத்துவம் செய்யத்தக்க மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். காய்ச்சல் திடீரென இறங்கிவிட்டதே என்று அந்நேரத்தில் மகிழ்ந்துவிடலாகாது. துளைபட்ட குடலோடு இறங்கும் காய்ச்சல் நற்செய்தியன்று.

ஆங்கிலக் கவிதையில் அழியாப் பெயர் பெற்ற இயேசு சபைக் குரு ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் 1889-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் டப்ளின் நகரில் இந்நோயால் இறந்தபோது அவருக்கு வயது 44. சற்றுத் தேறினாற்போல் தோன்றிய வேளையில் வயிற்றறையில் அழற்சி கண்டு உயிர் நீத்தார். கிருமிகளின் இயல்பை உலகுக்கு விளக்கிய லூயி பாஸ்டர் தம் புதல்வியர் இருவரை டைபாய்டுக்குப் பறிகொடுத்தார். 1859-இல் ஒன்பது வயது ஜானும், 1866-இல் பன்னிரண்டு வயது செசிலும் இறந்தனர். அந்நாளில் இதற்கு மருந்தென ஒன்றும் இருந்ததில்லை. இன்று மருந்து உண்டு. ஆயினும் 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், 1,10,000 பேர் மாண்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களுள் பெரும் பகுதியினர் நம் தெற்காசியாவைச் சேர்ந்தோர்.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்க என்பது பொதுவிதி. டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் ஆகியனவும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்தறிதல் நம் வேலையன்று. ஆயினும் இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு செய்தியைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம். பாரிசு நகரில் 1896-இல் விடால் என்பவர் கண்ட சோதனை இன்றும் நம் ஊர்களில் மிகப் பரவலாகச் செய்யப்படுகிறது. கிருமியை அது தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருளையே தேடுகிறது. முன்னொரு காலத்தில் நோய் கண்டவருக்கும், தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கும் அச்சோதனை ஆம் என்று சொல்லிவிடலாம். நோயின் முதல் சில நாள்களிலோ உண்மையான நோயாளிக்கே இல்லை என்று சொல்லிவிடலாம். எனவே அவ்வொரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'எனக்கு ஆண்டுதோறும் டைபாய்டு வருகிறது' என்று கூறுவோர் சற்று நிதானித்தல் வேண்டும். இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையே நம்பத்தக்கது. முடிவு வரச் சில நாள் ஆகும். நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்தை உட்கொள்ளுமுன் அவ்விரத்தம் எடுக்கப்பட வேண்டும். மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கிய நான்கு மாத்திரைகளை விழுங்கிவிட்டு மருத்துவரிடம் செல்பவர், அவர் கண்ணைக் கட்டிவிட்டு வழி காட்டச் சொல்கிறார்.

அந்த நான்கு மாத்திரைகள் செய்யும் தீங்கு அத்துடன் முடிவதில்லை. 1948-இல் மலாயாவின் கோலாலம்பூரில் அமெரிக்க மருத்துவர்கள் குளோராம்பெனிக்கால் என்னும் மருந்தை வேறொரு காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அது டைபாய்டையும் தீர்ப்பது தெரியவந்தது. அதுவரை ஐவரில் ஒருவரையோ பத்தில் ஒருவரையோ கொன்றுவந்த நோய், மருந்து கிடைத்த இடங்களில் நூற்றில் ஒருவரளவாகக் குறைந்தது. கால் நூற்றாண்டு கழியுமுன், 1972-இல், மெக்சிகோவிலும் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அம்மருந்துக்கு அஞ்சாத கிருமி தோன்றிவிட்டது. அதன்பின் வந்த மருந்துகளுள்ளும் பல தம் வலுவை இழந்தன. 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எதிர்த்து நிற்கும் கிருமி பரவத் தொடங்கிற்று. வாயால் உண்ணத்தக்க மருந்துகளுள் அதற்கு அடங்கியது அசித்ரோமைசின் என்ற ஒன்றே. மருந்தைப் பாதியில் நிறுத்துவதும், தேவையின்றி உண்பதும் கிருமிக்கு நாமே கொடுக்கும் பயிற்சி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரியான மருந்தைத் தொடங்கிய பின்னும் காய்ச்சல் தணிய மூன்று முதல் ஐந்து நாள், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். இரண்டாம் நாளிலேயே 'இந்த டாக்டர் சரியில்லை' என்று அடுத்தவரிடம் ஓடுவது நம் குடும்பங்களில் பெருவழக்காகிவிட்டது. சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. அம்மதிப்பில் பொறுமையும் அடங்கும் என்பதே நம் கருத்து. நோயாளிக்காக வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வதை நாம் தடுப்பவரல்லர். பயணத்தை நோய் தீர்ந்த பின் வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சலுக்குப் பட்டினி என்ற பழமொழியால் முற்காலத்தில் இந்நோயாளிகளை வாட்டினர். இன்று மருத்துவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. கஞ்சி, குழைந்த சோறு, இட்லி, கொதித்தாறிய நீர் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் கொடுத்துவரலாம். காய்ச்சல் விட்ட இரண்டு மூன்று வாரத்தில் நோய் மீண்டும் தலைகாட்டுவது சிலருக்கு உண்டு என்பதையும் மறவாதிருத்தல் நன்று.

இனி, கிருமி உணவில் சேரும் வகை. நீரே முதற்காரணம். சாக்கடைக்கு அருகே செல்லும் குடிநீர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் போதும். கழிப்பறைக் குழிக்கு அண்மையில் தோண்டிய கிணறும் அத்தகையதே. ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்த நீரில் இக்கிருமி பிழைப்பதில்லை. குளிரோ அதைக் கொல்வதில்லை. பனிக்கட்டியில் அது உறங்கிக் கிடந்து, உருகியதும் விழித்துக்கொள்ளும். ஆகவே நம் உணவுகளை வேறொரு கண்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. அடுப்பில் கொதித்து இறங்கிச் சூடாறாமல் இலைக்கு வரும் சாம்பாரும் இறைச்சிக் குழம்பும் பெரும்பாலும் குற்றமற்றவை. அவற்றின்மேல் இறுதியாகத் தூவிய பச்சைக் கொத்தமல்லி, பக்கத்திலிருக்கும் வெங்காயத் தயிர்ப்பச்சடி, பச்சைத் தண்ணீர் விட்டுப் பெருக்கிய மோர், அரைத்தபின் நீர் சேர்த்துத் தளர்த்திய தேங்காய்ச் சட்னி, கடைவீதியில் நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட கரும்புச்சாறு ஆகிய இவையே ஐயத்திற்குரியவை. நெருப்பைக் காணாமல் கையை மட்டுமே கண்ட உணவு என்று இவற்றைச் சுருக்கமாகக் கூறலாம்.

கை என்றதும் ஒரு தடை எழுவதை நாம் அறிவோம். பங்கில் இளைஞர் சிலர், கை கழுவாது உண்பது மனிதனை மாசுபடுத்தாது என்று நம் ஆண்டவரே சொல்லிவிட்டாரே என விளையாட்டாகக் கேட்பதுண்டு. மத்தேயு நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் பேசப்படுவது பரிசேயரின் சடங்குக் கழுவுதல். உள்ளத்தின் தூய்மையை விட்டுவிட்டுச் சடங்கைப் பற்றிக்கொண்டோரை ஆண்டவர் கடிந்துகொண்டார். கழிப்பறையிலிருந்து வந்தவர் சோப்பிட்டுக் கழுவ வேண்டா என்று அவர் யாருக்கும் சலுகை அளிக்கவில்லை. எவ்வளவு நேரம் தேய்ப்பது என்று கேட்போருக்கு நாம் சொல்லும் அளவு, மங்கள வார்த்தைச் செபத்தை ஒருமுறை நிதானமாகச் சொல்லி முடிக்கும் நேரம். அன்னை இதனை அவமரியாதையாகக் கொள்ளமாட்டார். வீட்டில் பிள்ளை வளர்த்தவர் அவர்.

விடையின் இரண்டாம் பகுதிக்கு இப்பொழுது வருகிறோம். டைபாய்டிலிருந்து நலமடைந்தோரில் நூற்றில் ஒருவர் முதல் ஐவர் வரை, தமக்கு யாதொரு நோயும் இல்லாமலே, ஓராண்டுக்கு மேலும் கிருமியை வெளியேற்றிக் கொண்டிருப்பர். சிலர் வாழ்நாள் முழுவதும் அவ்வாறிருப்பர். கிருமி அவர்களுடைய பித்தப்பையில், சிறப்பாகப் பித்தக்கற்கள் இருப்பின், குடியேறிவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், இளையோரைவிட மூத்தோரிடமும் இது மிகுதி. நம் வீடுகளில் சமைப்பவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். இளமையில் கண்ட காய்ச்சல் சிலருக்கு இலேசாகவே வந்து போயிருக்கும். அது டைபாய்டு என்றே அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள்.

இவ்வகையில் உலகறிந்த பெண் ஒருவர் உண்டு. அவரும் நம் திருச்சபையைச் சேர்ந்தவரே. மேரி மாலன் 1869-இல் அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் பிறந்து, பதின்ம வயதில் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் செல்வர் இல்லங்களில் சமையற்காரியாக உயர்ந்தவர். 1906-ஆம் ஆண்டுக் கோடையில் ஆயிஸ்டர் பே என்னும் கடற்கரை ஊரில் வங்கி முதலாளி ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு கண்டது. டைபாய்டு ஏழையர் குடிசைக்கு உரியது என்றிருந்த ஊரில் இது பெரும் பரபரப்பாயிற்று. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளர் கிணற்றையும் பாலையும் சிப்பி மீனையும் ஆராய்ந்து ஒன்றும் காணாமல், இறுதியில் சமையற்காரியைத் தேடினார். மேரி முன்னர் வேலை பார்த்த எட்டு வீடுகளில் ஏழில் டைபாய்டு தோன்றியிருந்தது. கொதிக்க வைத்த உணவு கிருமியைக் கொன்றுவிடுமே என்ற ஐயத்துக்கும் அவர் விடை கண்டார். நறுக்கிய பீச் பழங்களை இட்டு உறைய வைத்த ஐஸ்கிரீம் அவ்வீட்டாருக்கு மிக விருப்பமாம். அதற்கும் அடுப்புக்கும் தொடர்பில்லை.

1907 மார்ச்சில் சோப்பர் மேரியின் சமையலறைக்குள் சென்று, நீ நோயைப் பரப்புகிறாய், உன் மலமும் சிறுநீரும் இரத்தமும் சோதனைக்கு வேண்டும் என்று கேட்டார். மேரி இறைச்சி குத்தும் முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஒரு நாளும் டைபாய்டில் படுத்ததாக நினைவில்லாத பெண்ணிடம், முன்பின் அறியாத ஆடவர் ஒருவர் அவ்வாறு பேசினால் வேறு என்ன நடக்கும்? பின்னர் ஜோசபின் பேக்கர் என்ற பெண் மருத்துவர் காவலருடன் வந்து, பல மணி நேரம் தேடிப் பிடித்துக் கொண்டுசென்றார். நகர சுகாதாரத் துறையினர் மேரியை ஆற்றின் நடுவே நார்த் பிரதர் தீவிலிருந்த மருத்துவமனையில் தனியே வைத்தனர். 163 முறை சோதித்ததில் 120 முறை கிருமி காணப்பட்டது. மேரி வழக்குத் தொடுத்துத் தோற்றார். 1910-இல் புதிய சுகாதார ஆணையர், இனிச் சமையல் வேலை செய்வதில்லை என்று வாக்குறுதி பெற்று விடுதலை செய்தார். சலவை வேலை கிடைத்தது. கூலியோ சமையற்காரிக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

1915-இல் நியூயார்க்கின் மகப்பேற்று மருத்துவமனை ஒன்றில் 25 பேருக்கு டைபாய்டு கண்டு, இருவர் இறந்தனர். அங்குச் சமையலறையில் மேரி பிரவுன் என்ற பெயரில் இருந்தவர் மேரி மாலனே. மீண்டும் தீவுக்கு அனுப்பப்பட்டார். இம்முறை விடுதலை இல்லை. 23 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, 1938 நவம்பர் 11-ஆம் நாள் இறந்தார். பிராங்க்ஸ் பகுதியிலுள்ள தூய லூக்கா ஆலயத்தில் நடந்த அடக்கத் திருப்பலியில் கலந்துகொண்டோர் ஒன்பதின்மர். அவர் இறந்த நாளில் அந்நகரில் நூற்றுக்கணக்கான கிருமி தாங்கிகள் அரசுக்குத் தெரிந்தே தம் வீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

1915-இல் மேரி செய்தது பெருந்தவறு என்பதில் ஐயமில்லை. பெயரை மாற்றிக்கொண்டவர் அறியாமல் செய்தார் என்று சொல்ல இயலாது. ஆயினும் ஏழைப் பெண்ணின் ஒரே தொழிலைப் பறித்துவிட்டு, அதற்கீடான வாழ்க்கை வழியைக் காட்டாது விட்ட நகரத்தார்க்கும் அத்தவற்றில் பங்கு உண்டென்பது நம் எண்ணம். நோய் கண்டவரிடம் குற்றம் கண்டவரிடம் பேசுவது போல் பேசினால், அவர் மறைக்கவே செய்வார். மறைவில்தான் இக்கிருமி செழிக்கிறது.

இதனால் நம் குடும்பங்கள் செய்யத்தக்கது யாது? டைபாய்டிலிருந்து எழுந்தவர் உடனே அடுப்படிக்குச் செல்லலாகாது. பேதுருவின் மாமியார் காய்ச்சல் நீங்கிய அந்நேரமே எழுந்து விருந்தினருக்குப் பணிவிடை செய்தார். ஆண்டவர் தொட்டுக் குணமாக்கிய உடலில் மிச்சம் ஒன்றும் இருந்திராது. மருந்தால் குணமடைந்த நம்மவர் மலப் பரிசோதனை செய்து, கிருமி இல்லை என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை உறுதிப்பட்ட பின் சமைப்பதே முறை. கிருமி தங்கிவிட்டதாகத் தெரிந்தாலும் கலங்க வேண்டா. நான்கு வாரம் போன்ற நீண்ட மருந்தால் பலர் அதனின்றும் விடுபடுகின்றனர். பித்தக்கல் உள்ளோர்க்குச் சிலவேளை பித்தப்பையை நீக்கும் அறுவையும் தேவைப்படும். மேரிக்கும் அவ்வறுவையைச் செய்யச் சொன்னார்கள். அன்று அது உயிருக்கு ஆபத்தானது. இன்று சில நாளில் வீடு திரும்பலாம். மாமியாருக்கோ மருமகளுக்கோ இச்சோதனை தேவைப்பட்டால், அதை அண்டை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோகாமல் வீட்டோடு முடித்துக்கொள்வது நலம். கூலிக்குச் சமைக்கும் பெண்ணுக்குத் தேவைப்பட்டால், சோதனைச் செலவையும், அவர் அடுப்படிக்கு வராத வாரங்களின் சம்பளத்தையும் அவ்வீட்டாரே ஏற்கவேண்டும். வேறு வேலை கொடுப்பதானால் அதே சம்பளத்தில் கொடுக்க வேண்டும். இதை இரக்கம் என்று எண்ணிக்கொள்ள வேண்டா, நீதி என்றே எண்ணுக. சம்பளம் நின்றுவிடும் என்று அஞ்சுபவர் தம் காய்ச்சலை மறைத்துக்கொண்டு அடுப்படிக்கு வருவார். அதன் விலையை அவ்வீட்டுப் பிள்ளைகள் கொடுப்பர்.

தடுப்பூசி பற்றியும் ஒரு சொல். ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட புதிய வகைத் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டின் இறுதியில் தகுதிச் சான்று அளித்தது. ஆறு மாதக் குழந்தை முதற்கொண்டு ஒரே ஊசியாகப் போடலாம். முழுக்காப்பு அளிப்பதன்று. எனினும் பெருமளவு காக்கிறது. குழந்தைகள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க.

திருவிழா நிறைவில் அசனம் நடத்தும் பங்குகளில் நிதிக்குழுவினர் அரிசி, ஆடு, விறகு ஆகியவற்றின் கணக்கை மிகத் துல்லியமாக எழுதுகின்றனர். சமையற் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் சோப்பும் வைக்கும் செலவு அக்கணக்கில் காணப்படுவது அரிது. ஆயிரம் பேருக்கு வெங்காயம் நறுக்கிப் பச்சடி கலப்போர், மோர் பெருக்குவோர், அப்பளத்தை அள்ளி இலையில் இடும் இளைஞர் ஆகியோருக்குக் கடந்த சில வாரங்களில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்ததா என்று முன்னரே தனியாகக் கேட்டு, இருந்ததென்போரைப் பந்தல் வேலைக்கோ ஊர்தி ஒழுங்குக்கோ மாற்றிவிடலாம். பச்சடியே இல்லாத அசனமும் சுவையாகத்தான் இருக்கும். மோருக்குக் கொதிக்க வைத்த நீரை முதல் நாள் மாலையே அண்டாவில் மூடி ஆற வைத்துவிட்டால் மறுநாள் நெருக்கடி இராது. அண்டாவில் குவளையை முக்கி எடுக்காமல் இருக்க, கீழே குழாய் பொருத்திய பாத்திரமாகப் பார்த்து வாடகைக்கு எடுக்கவும்.